440 டாலர் தாண்டியதால் வந்த கடிதம்

2024 நவம்பர் கடைசியில், அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியின் அலுவலகத்திலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் தனித்தனியாக ஒரு கடிதம் வந்தது. 2025-இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், டாக்டர் செலவுக்கான பார்ட் பி-க்குப் பெரும்பாலானவர்கள் மாதம் 185 டாலர் கட்டுவார்கள், நீங்கள் 259 டாலர் கட்ட வேண்டும் என்றது கடிதம். மருந்துக்கான பார்ட் டி-க்கு அதற்கு மேல் மாதம் 13.70. ஆளுக்கு 87.70 கூடுதல், இருவருக்கும் பன்னிரண்டு மாதத்துக்கு 2,104 டாலர் 80 சென்ட். காரணம், 2023-இல் எங்கள் கூட்டு வருமானம் 2,12,440 டாலர். அவர்கள் போட்டிருந்த கோடு 2,12,000.

440 டாலர்தான் தாண்டியிருந்தோம். அந்த வருடம் எங்கள் இருவருக்கும் சம்பளமே கிடையாது. வருமானம் என்று அவர்கள் சொன்னதில் ஒன்றரை லட்சம் டாலர், என்னுடைய ஒரு கணக்கிலிருந்து என்னுடைய இன்னொரு கணக்குக்கு நானே மாற்றிய பணம்.

நான் 1957-இல் பிறந்தவன். நியூஜெர்சியில் எடிசன் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறோம். மனைவி மாநில அரசு வேலையிலிருந்து 2021-இல் ஓய்வு பெற்றாள், நான் அடுத்த வருடம். வேலையை விட்டதும், கம்பெனி வழியாகச் சேமிக்கும் 401கே ஓய்வுக்காலக் கணக்கில் சேர்ந்திருந்த சுமார் 11 லட்சம் டாலரை ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றினேன். அத்தனையும் இன்னும் வருமான வரி கட்டாத பணம். சம்பளத்தில் பிடிக்கும்போது வரி கிடையாது. எடுக்கும்போது ஒவ்வொரு டாலரும் அந்த வருட வருமானத்தில் சேரும்.

எடுக்காமல் வைத்திருக்கவும் விடமாட்டார்கள். என் வயதுக்காரர்கள் 73-ஆவது வயதிலிருந்து வருடா வருடம் ஒரு பங்கை எடுத்தே ஆக வேண்டும். ஆர்.எம்.டி. என்பார்கள். 1960-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு (1960-உம் சேர்த்து) அது 75. எனக்கு அந்த வருடம் 2030. என் 11 லட்சம் வருடத்துக்கு 5 சதவீதம் வளர்ந்தால் அப்போது 16 லட்சம் ஆகியிருக்கும். 73 வயதுக்கு 26.5-ஆல் வகுக்கச் சொல்கிறது அட்டவணை. 60,000 டாலருக்கு மேல் வருகிறது. தேவையோ இல்லையோ எடுக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். எண்பது வயதில் வகுக்கும் எண் 20.2-ஆகக் குறையும், எடுக்க வேண்டிய பங்கு பெருகும்.

இதற்கு மாற்றாக இருப்பது ராத் கணக்கு. டெலவேரைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் வில்லியம் ராத் பெயரால் 1997-இல் சட்டமாகி 1998-இல் நடைமுறைக்கு வந்தது. ஐ.ஆர்.ஏ. பணத்தை ராத்துக்கு மாற்றும்போது மாற்றிய தொகைக்கு அந்த வருடமே வரி கட்டிவிட வேண்டும். அதன் பிறகு வளர்ச்சிக்கும் வரி இல்லை, உயிரோடு இருக்கும்வரை ஆர்.எம்.டி.-யும் இல்லை. முன்பெல்லாம் வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் மாற்றவே முடியாது. 2010-இலிருந்து யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

சம்பளம் நின்றபின், சோஷியல் செக்யூரிட்டி தொடங்கும் முன், ஆர்.எம்.டி.-க்கும் முன் என்று நடுவில் சில வருடங்கள் கிடைக்கின்றன. மாற்றுவதற்கு அதுதான் நல்ல காலம் என்று படித்திருந்தேன். சோஷியல் செக்யூரிட்டியை 70 வயதுவரை, அதாவது 2027 வரை, தள்ளிவைக்க முடிவு செய்தோம். அதுவரை மாற்றிக்கொண்டே போவது என்று திட்டம். திட்டத்தில் குறையில்லை. நான் போட்ட கணக்கில்தான் குறை.

2023 டிசம்பரில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. மனைவியின் பென்ஷன் 28,000. இங்குள்ள வட்டியும் டிவிடெண்டும் 31,000. ஆக 59,000. இருவரும் சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு அந்த வருடம் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அதாவது வருமானத்தில் வரி இல்லாமல் கழித்துக்கொள்ளும் தொகை, 27,700. எனக்கு 65 தாண்டியதால் இன்னொரு 1,500. அது போக மீதி 1,90,750 வரை 22 சதவீத பிராக்கெட், அதாவது வரி அடுக்கு. ஒன்றரை லட்சம் மாற்றினாலும் 22-ஐத் தாண்டாது. இர்மா என்று எல்லாரும் சொல்லும் மெடிகேர் கூடுதல் கட்டணம் இருக்கிறதே, அதையும் பார்த்தேன். அது இரண்டு வருடம் முந்தைய வருமானத்தை வைத்துப் போடுவது. 2023 வருமானம் 2025 பிரீமியத்தைத் தீர்மானிக்கும். ஆனால் 2025-இன் கோடு எது என்பது 2024 கடைசியில்தான் அறிவிக்கப்படும். அன்று கையில் இருந்தது 2024-க்கான கோடு, 2,06,000. விலைவாசிக்கு ஏற்றாற்போல் அது 2,10,000-க்கு மேல் போகும் என்று நினைத்து, 2,09,000-இல் நிறுத்தினேன். ஒன்றரை லட்சத்தை மாற்றினேன்.

மார்ச்சில் வரித் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது இரண்டு காகிதங்கள் வந்து நின்றன. ஒன்று ஊரில் இருக்கும் என்.ஆர்.இ. டெபாசிட்டின் (வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைப்பது) வட்டிச் சான்று. அப்பா காலமான பிறகு ஊர்ச் செலவுகளுக்காக 27 லட்ச ரூபாய் போட்டு வைத்திருந்தோம். 7 சதவீத வட்டி டாலரில் சுமார் 2,300. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் நம்மில் பலருக்கு அது வருமானம் என்றே மனதில் பதிவதில்லை. அமெரிக்காவில் அதற்கு முழு வரி உண்டு, இர்மா கணக்கிலும் சேரும். ஒவ்வொரு வருடமும் தாக்கலில் ஒழுங்காகக் காட்டி வந்தவன்தான். டிசம்பர் கணக்கில் எழுத மறந்துவிட்டேன். இரண்டாவது, ஒரு மியூச்சுவல் ஃபண்ட் டிசம்பர் கடைசி வாரத்தில் பங்கிட்டுக் கொடுத்த மூலதன லாபம், 1,140 டாலர். நான் ஒரு யூனிட்கூட விற்கவில்லை. ஃபண்ட் தனக்குள் விற்றதன் லாபம் எங்கள் கணக்கில் வந்து விழுந்தது. 2,09,000-உடன் 2,300-உம் 1,140-உம் சேர்ந்து 2,12,440.

2017 வரை இப்படி ஆனால் மாற்றியதைத் திருப்பிக்கொள்ளலாம். மறு வருடம் தாக்கல் கெடுவுக்குள் ஒரு பகுதியைப் பழைய கணக்குக்கே கொண்டுபோய்விட்டால், அது மாற்றப்படாததாகவே கருதப்படும். 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2018-இலிருந்து மாற்றியது மாற்றியதுதான். ஆகவே மார்ச்சில் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நவம்பரில் கோடு 2,12,000 என்று வந்தது.

இர்மாவில் படிப்படியாக ஏறுவது கிடையாது. கோட்டை ஒரு டாலர் தாண்டினாலும் முழுக் கட்டணம். எஸ்.எஸ்.ஏ.-44 என்று ஒரு படிவம் இருக்கிறது. துணை இறப்பது, விவாகரத்து, வேலையை விடுவது, பென்ஷன் நின்றுபோவது போன்ற வாழ்க்கை மாற்றங்களால் வருமானம் குறைந்திருந்தால் அதை நிரப்பிக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். ராத் மாற்றம் அதில் இல்லை. ஓய்வு பெற்ற முதல் இரண்டு வருடத்தில், பழைய சம்பளத்தை வைத்துக் கட்டணம் போட்டுவிட்டார்கள் என்று வருந்துபவர்களுக்கு அந்தப் படிவம் நிச்சயம் உதவும். கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

இர்மாவைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் அந்த வருடத்தின் பெரிய அடி அதுவல்ல. நியூஜெர்சி. 62 வயது தாண்டிய தம்பதிக்கு, மொத்த வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தால் பென்ஷன், ஐ.ஆர்.ஏ. வருமானத்துக்கு இந்த மாநிலம் வரியே போடாது. 1,25,000 வரை பாதிக்கு விலக்கு, 1,50,000 வரை கால் பங்குக்கு விலக்கு. அதற்கு மேல் ஒரு டாலர் போனாலும் விலக்கு முழுவதும் போய்விடும். நான் ஃபெடரல் பிராக்கெட்டையும் மெடிகேரையும் பார்த்தேனே தவிர இதைப் பார்க்கவில்லை. அதுவரை நியூஜெர்சி தொடாமலிருந்த மனைவியின் பென்ஷன்கூட வரிக்குள் வந்தது. மாநில வரி மட்டும் 8,000 டாலருக்கு மேல். ஃபெடரல் வரி 30,000-ஐத் தாண்டி. 22 சதவீதத்தில் மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மேல் தட்டில் 22-உம் 6.37-உம் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே ஓய்வு பெற்றவர்கள் ஐ.ஆர்.ஏ.-விலிருந்து ராத்துக்கு மாற்றுவதற்கு மாநில வரி கிடையாது. இல்லினாயும் அப்படித்தான். டெக்சாஸ், ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே இல்லை. பிள்ளைகள் இருக்கும் ஊருக்குக் குடிபெயர நினைப்பவர்கள், எந்த மாநிலத்தில் இருக்கும்போது மாற்றுகிறோம் என்பதை முதலில் யோசியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏன் மாற்றுவதை நிறுத்தவில்லை என்று கேட்கலாம். என் நண்பர் ஒருவர், இருபத்தைந்து வருடப் பழக்கம், 2023 டிசம்பரில் காலமானார். ஒரு வருடம் கழித்து 2024-க்கான தாக்கல் சமயத்தில் அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, அவர் இருந்தப்ப வந்ததவிட இப்ப கம்மியாத்தான் வருது. வரி மட்டும் ஏன் ஏறியிருக்கு? நான் ஏதாச்சும் தப்பாப் போட்டுட்டேனா?" என்று கேட்டார்.

அவர் ஒன்றும் தப்பாகப் போடவில்லை. கணவர் இறந்த வருடத்துக்குக் கூட்டுத் தாக்கல் செய்யலாம். மறு வருடத்திலிருந்து தனி ஆள். ஐ.ஆர்.ஏ.-விலிருந்து கட்டாயமாக எடுப்பது ஏறக்குறைய அதே 68,000. இருவர் வாங்கிய சோஷியல் செக்யூரிட்டியில் பெரியது மட்டும் தங்கி, சின்னது, வருடத்துக்கு 19,000, நின்றுவிட்டது. வருமானம் அவ்வளவு குறைந்தும், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் கிட்டத்தட்டப் பாதியாகி, பிராக்கெட்டுகளும் பாதியாகிவிட்டதால், முந்தைய வருடம் சுமார் 9,900 டாலராக இருந்த ஃபெடரல் வரி 13,500-ஐ நெருங்கியிருந்தது. இதையெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி காபி டம்ளர்களை மேஜையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் போன பிறகு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு எனக்கும் இதுதானே?" என்றாள்.

மாற்றும் கணக்கை இரண்டு பேர் உயிரோடு இருக்கும் வருடங்களை மட்டும் வைத்துப் போடக்கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இருவராக இருக்கும்போது 12 சதவீதத்தில் கட்டி முடிக்கக்கூடியதை, தனியாக மிஞ்சும் ஒருவர் 22-இலோ 24-இலோ கட்ட நேரும். பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2020 முதல் பெற்றோரிடமிருந்து வரும் ஐ.ஆர்.ஏ.-வைப் பிள்ளைகள் பத்து வருடத்துக்குள் காலி செய்தாக வேண்டும். எங்கள் மகள் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். அவள் உச்ச பிராக்கெட்டில் இருக்கும் காலத்தில் இந்தப் பணமும் போய்ச் சேர்ந்தால் அவள் கட்டும் வீதம் எங்களுடையதைவிட அதிகம்.

ஆகவே இப்போது சின்னச் சின்னதாக மாற்றுகிறோம். எங்கள் நோட்டில் முதலில் எழுதுவது நியூஜெர்சியின் ஒரு லட்சத்துக் கோட்டைத்தான். 2024-இல் எல்லா வட்டியையும் சேர்த்தபின் அந்தக் கோட்டுக்குக் கீழே மிஞ்சிய இடத்தில் 38,000 டாலர் மாற்றினோம். அன்றைக்கு இருவருக்கும் 65 தாண்டியிருந்தது. கழிவெல்லாம் போக 12 சதவீத பிராக்கெட்டுக்குள்ளேயே நின்றது, மாநில வரி இல்லை. மெடிகேர் கோடு பக்கத்திலேயே வரவில்லை. முந்தைய வருடம் மேல் தட்டில் 28 சதவீதம் கட்டியதோடு ஒப்பிட்டால், இப்படி மாற்றும் ஒவ்வொரு டாலருக்கும் பாதிக்கும் குறைவான வரி. இந்த வேகத்தில் போனால் 2030-க்குள் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. முடிய வேண்டியதும் இல்லை. ஐ.ஆர்.ஏ.-வில் கொஞ்சம் இருக்கட்டும். பிற்காலத்தில் குறைந்த பிராக்கெட்டில் எடுத்துச் செலவு செய்யவும், 70½ வயதுக்குப் பிறகு நேரடியாகத் தர்ம ஸ்தாபனங்களுக்கு அனுப்பவும் அது உதவும். அப்படி அனுப்புவது வருமானத்திலேயே சேராது.

சோஷியல் செக்யூரிட்டி வாங்கத் தொடங்கிவிட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தம்பதிக்கு இதற்கென்று கணக்கிடும் வருமானம் 32,000 டாலருக்கு மேல் போனால் சோஷியல் செக்யூரிட்டியில் பாதி வரைக்கும், 44,000-க்கு மேல் போனால் 85 சதவீதம் வரைக்கும் வரிக்குள் வரும். முதல் கோடு 1983-இல் போட்டது, இரண்டாவது 1993-இல். விலைவாசி எவ்வளவோ ஏறியும் இரண்டும் நகரவில்லை. இரண்டாவது கோட்டைத் தாண்டி, ஆனால் 85 சதவீத உச்சத்தை இன்னும் எட்டாமல் இருப்பவர் 1,000 டாலர் மாற்றினால் கூடவே 850 டாலர் சோஷியல் செக்யூரிட்டியும் வரிக்கு இழுபடலாம். 12 சதவீதம் என்று நினைத்தது 22.2 ஆகிவிடும். இதனால்தான் நாங்கள் 70 வரை காத்திருக்கும் வருடங்களை வீணாக்காமல் இருக்கப் பார்க்கிறோம்.

2025 ஜூலையில் வந்த சட்டம் 65 தாண்டியவர்களுக்கு ஆளுக்கு 6,000 டாலர் கூடுதல் கழிவு கொடுத்திருக்கிறது, 2028 வரைக்கும். தம்பதியின் வருமானம் 1,50,000-ஐத் தாண்டினால் அதற்கு மேல் வரும் ஒவ்வொரு 100 டாலருக்கும் இருவருக்குமாக 12 டாலர் கழிவு கரையும். பெரிய தொகை மாற்றுபவர்கள் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். பங்கு விற்ற லாபத்துக்குப் பூஜ்ய சதவீத வரி அனுபவிப்பவர்களுக்கும் இதே கதை. மாற்றம் அந்த லாபத்தை 15 சதவீதத்துக்குத் தள்ளிவிடும்.

வரியை எங்கிருந்து கட்டுவது என்பதில் நான் ஒரே பிடிவாதமாக இருக்கிறேன்: வெளியே இருக்கும் சேமிப்பிலிருந்து மட்டுமே. இணையத்தில் மாற்றும்போது எவ்வளவு சதவீதம் வரி பிடிக்கட்டும் என்று ஒரு பெட்டி வரும். அங்கே பூஜ்யம் போடுங்கள். ஒரு தெரிந்தவர் 22 என்று போட்டுவிட்டார். ஒரு லட்சம் மாற்றியதில் ராத்துக்குப் போய்ச் சேர்ந்தது 78,000 தான். அவருக்கு 59½ வயதாகியிருந்ததால் அபராதம் இல்லை. ஆகாமல் இருந்திருந்தால் அந்த 22,000-க்கு 10 சதவீத அபராதமும் சேர்ந்திருக்கும். பிடித்தம் இல்லை என்றால் காலாண்டு வரியை நாமே கட்ட வேண்டும். டிசம்பரில் மாற்றியதற்கு ஜனவரி 15-க்குள் கட்டிவிடுங்கள். முந்தைய வருடத்து வரியில் 110 சதவீதம் கட்டியிருந்தால் தாமத அபராதத்திலிருந்து தப்பலாம். வருமானம் 1,50,000-க்குள் இருந்தவர்களுக்கு 100 சதவீதம் போதும்.

கெடு டிசம்பர் 31. ராத்துக்குப் புதிதாகப் பணம் போடுவதற்கு ஏப்ரல் வரை நேரம் உண்டு என்பதால் மாற்றுவதற்கும் அப்படித்தான் என்று நினைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கிடையாது. ஆர்.எம்.டி. வயது வந்துவிட்டவர்கள் அந்த வருடத் தொகையை முதலில் எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு மாற்ற முடியும், ஆர்.எம்.டி. பணத்தையே ராத்தில் போட முடியாது. சந்தை விழுந்திருக்கும் மாதத்தில் யூனிட்களை விற்காமல் அப்படியே நகர்த்தினால், அதே வரிக்கு அதிக யூனிட்கள் போய்ச் சேரும். அதற்காக நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை, வந்தால் விடாதீர்கள்.

ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் முழு ரெசிடென்ட் ஆனபின் உலகத்தில் எங்கு வரும் வருமானமும் அங்கே கணக்கில் வரும். ராத்துக்கு அமெரிக்கா கொடுக்கும் விலக்கை இந்தியச் சட்டம் தனியாகச் சொல்லவில்லை. மாற்றத்தை எப்போது செய்வது, எடுப்பதை எப்போது செய்வது என்பதை விமானம் ஏறுமுன், இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

போன டிசம்பரில் நோட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். நான் இல்லாத நாளில் அவள் யாரிடமும் பிளாஸ்டிக் பையோடு போய் நிற்கக்கூடாது என்பதுதான் காரணம். அவள் வரி வரியாக எழுதிக்கொண்டே வந்தாள். முதல் வரி என்.ஆர்.இ. வட்டி. ஃபண்ட் கம்பெனிகளின் தளங்களில் டிசம்பர் பங்கீட்டு மதிப்பீடுகளைத் தேடி எடுத்து இரண்டாவது வரியில் போட்டாள். கடைசியில், "ஏங்க, கோட்டுக்கு ஆயிரம் டாலர் கீழேயே நிறுத்திடட்டுமா? ஏதாவது விட்டுப்போயிருந்தா?" என்றாள். மூவாயிரம் விடு என்றேன். பூஜ்யம் சதவீதம் என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்து, தொகையை இரண்டு முறை வாசித்துப் பார்த்து, அவளே பட்டனை அழுத்தினாள். உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுத்து, 2025 என்று எழுதிய உறையில் வைத்தாள்.